டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினாலும் டைமிங் அசையவே மாட்டேங்குது: 1997 செவ்ரோலெட் 5.7 வோர்டெக்

#1 தூசிச்சாலை

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1997 செவ்ரோலெட் பிக்கப், 5.7 லிட்டர் வி8, வோர்டெக் இன்ஜின். டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் ஆடுதுன்னு ஒரு பட்டறையில புதுசு மாத்தினாங்க. அலுமினிய பாடி, கம்பெனிப் பொருள் இல்ல. அதுக்கப்புறம்தான் தொல்லை.

ஐட்லிங்ல ஓரளவு நிக்குது. மிதிச்சா 1,500 ஆர்பிஎம் தாண்டினதும் மிஸ் அடிக்குது. மேட்டுல இழுவையே இல்ல, இன்டேக் வழியா பேக்ஃபயரும் ஆகுது. செக் இன்ஜின் லைட் எரியுது. கோடு பி1345, கூடவே மிஸ்ஸிங்குக்கான பி0300.

டைமிங்தான் (ஸ்பார்க் விழுற நேரம்) தப்புன்னு டைமிங் லைட்டை மாட்டிப் பார்த்தேன். முன் கவர்ல டிகிரி அளவே இல்ல, அதனால புல்லியில நானே பெயின்ட் வெச்சேன். டிஸ்ட்ரிபியூட்டரை ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துட்டேன், பெயின்ட் வெச்ச இடம் நகரவே இல்ல! ஆனா இன்ஜின் சத்தம் மட்டும் மாறுது. இது எப்படிங்க? லைட் கெட்டுப்போச்சா?

#2 பானட்திற

லைட் நல்லாத்தான் இருக்கும். ஃபயர்வால் பக்கம் ஒத்தை வயர் கனெக்டர் ஒண்ணு தொங்கும், வெளிர் பழுப்புல கறுப்புக் கோடு. அதைக் கழட்டாம டைமிங் வெச்சா கம்ப்யூட்டர் இழுத்துப் பிடிச்சுக்கும். கழட்டு, 0 டிகிரி வை, திருப்பி மாட்டு. முடிஞ்சது வேலை.

#3 எட்டுசிலிண்டர்

பானட்திற சொல்ற வயர் 1987 முதல் 1995 வரை வந்த டிபிஐ (த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷன்) இன்ஜின்களுக்கு. தூசிச்சாலை வண்டியில அந்த வயரைத் தேடினா நாள் முழுக்கத் தேடலாம், கிடைக்காது.

தம்பி, உங்க லைட்ல ஒரு குறையும் இல்ல. அது காட்டுறது உண்மை. 1996-ல வந்த வோர்டெக்ல ஸ்பார்க் எப்போ விழணும்னு கம்ப்யூட்டர் முடிவு பண்றது முன் கவர்ல இருக்கிற கிராங்க் சென்சாரை வெச்சு. கிராங்க்ல நாலு பல் கொண்ட சக்கரம் சுத்துது, சென்சார் அதை எண்ணுது. டிஸ்ட்ரிபியூட்டரை எவ்வளவு திருப்பினாலும் கிராங்க் சென்சார் நகரப் போறதில்ல. அப்புறம் டைமிங் எப்படி நகரும்?

அப்போ டிஸ்ட்ரிபியூட்டருக்கு என்ன வேலைன்னா, ரெண்டு. ஒண்ணு, காயில்ல இருந்து வர்ற ஸ்பார்க்கை ரோட்டர் வழியா சரியான பிளக் வயருக்கு அனுப்புறது. ரெண்டு, உள்ள இருக்கிற கேம் சென்சார் மூலமா முதல் சிலிண்டர் எந்த ஸ்ட்ரோக்ல இருக்குன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றது. கிராங்க் சொல்றதும் கேம் சொல்றதும் பொருந்தலைன்னா வர்ற கோடுதான் பி1345.

நீங்க திருப்பும்போது சத்தம் மாறுறதுக்குக் காரணம் ரோட்டர். ஸ்பார்க் விழுற நேரம் மாறல. விழுற நேரத்துல ரோட்டர் நுனி எங்க நிக்குதுங்கிறது மாறுது. எட்டு சிலிண்டருக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில, அதாவது கேப்ல, டெர்மினல்கள் 45 டிகிரிக்கு ஒண்ணு. ரோட்டர் நுனி அகலமா இருக்கும், ஏன்னா கம்ப்யூட்டர் அட்வான்ஸ் கூட்டும்போது ஸ்பார்க் முன்னாடியே விழும், அப்பவும் நுனி டெர்மினலுக்கு நேரா இருக்கணும். ரோட்டர் தள்ளி நின்னா ஸ்பார்க் இடைவெளியில தொங்கும். லோடு இல்லாதப்போ எப்படியோ தாவிடும். மிதிச்சா சிலிண்டருக்குள்ள அழுத்தம் ஏறும், பிளக் கூடுதல் வோல்டேஜ் கேட்கும், அப்போ அது பக்கத்து டெர்மினலுக்குத் தாவும். இன்டேக் வால்வு திறந்திருக்கிற சிலிண்டருக்குப் போச்சுன்னா பேக்ஃபயர். உங்க அறிகுறி அத்தனையும் இதுல அடங்கிடுது.

டைமிங் லைட்டை ஓரமா வைங்க. தயாரிப்பாளர் டேட்டா படிக்கிற ஸ்கேனர் ஒண்ணு கடன் வாங்குங்க. வெறும் கோடு படிக்கிற சின்னக் கருவி பத்தாது. அதுல கேம் ரிடார்டுன்னு ஒரு வரி இருக்கும், கிராங்கோட ஒப்பிட்டா கேம் சிக்னல் எத்தனை டிகிரி தள்ளி வருதுன்னு அது காட்டும். இன்ஜின் சூடானதும் 1,000 ஆர்பிஎம்-க்கு மேல பிடிச்சுப் பாருங்க. 0, கூடவோ குறையவோ 2 டிகிரி. அதுக்குள்ள இருக்கணும்.

#4 பழையபட்டறை

ஸ்கேனர் வர்றதுக்கு முன்னாடியே இன்ஜின் ஓடிச்சு. நான் சொல்றதைக் கேளு தம்பி. எதையும் திருப்பாதே. முதல்ல கேப்பைக் கழட்டு, உள்ள கரிக்கோடு இருக்கா பாரு. ரோட்டரைப் பிடிச்சு ஆட்டிப் பாரு. அப்புறம் கிராங்கையும் கேமையும் இணைக்கிற டைமிங் செயின். 1997 வண்டின்னா செயினை யாராவது தொட்டிருப்பாங்களா? செயின் தொய்ஞ்சிருந்தா நீ என்ன டிஸ்ட்ரிபியூட்டர் போட்டாலும் அளவு நிக்காது.

ஏழாவது, அஞ்சாவது வயர் ரெண்டும் ஒட்டிக்கிட்டுப் போகுதான்னும் பாரு. ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2. அஞ்சுக்கு அடுத்து ஏழு, ரெண்டும் ஒரே பக்கம், பக்கத்து பக்கத்துல. வயர்கள் இணையா நீளமா ஓடினா ஒண்ணோட மின்சாரம் இன்னொண்ணைத் தூண்டி ஏழு முன்னாடியே வெடிக்கும்.

#5 தூசிச்சாலை

ரெண்டு பேருக்கும் நன்றி அண்ணே. ஸ்கேனர் கிடைச்சது. கேம் ரிடார்டு 27, 28-ல நிக்குது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினா அளவு மாறுது, ஆனா எவ்வளவு திருப்பினாலும் 0 கிட்ட வரல.

இன்னொரு விஷயம் கண்ணுல பட்டது. டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடிச்சு வைக்கிற கிளாம்ப் காதை யாரோ அறுத்து அராவி விட்டிருக்காங்க. பட்டறையில கேட்டா "அப்படித்தான் வரும்"னு சொல்றாங்க. வயரெல்லாம் நல்லா தள்ளித்தான் ஓடுது. கேப்ல கரிக்கோடு மெல்லிசா ஒரு இடத்துல தெரியுது.

#6 எட்டுசிலிண்டர்

அறுத்த கிளாம்ப் ஒண்ணே போதும், கதை புரிஞ்சுடுச்சு. அந்த டிஸ்ட்ரிபியூட்டர் ஒரே நிலையில உட்காரத்தான் செஞ்சிருக்காங்க. திருப்பி வைக்க இடமே கிடையாது. சரியா இறக்கினா தானா அளவு வந்துடும். அளவு வரலைன்னு காதை அறுத்தா, தப்பா இறக்கியிருக்காங்கன்னு அர்த்தம்.

இப்போ கணக்கு. இந்த இன்ஜின் டிஸ்ட்ரிபியூட்டர் கியர்ல 13 பல். ஒரு பல் தள்ளி இறங்கினா 360-ஐ 13-ஆல் வகுத்து 27.7 டிகிரி டிஸ்ட்ரிபியூட்டர்ல. டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுத்து சுத்தும்போது கிராங்க் ரெண்டு சுத்து சுத்தும், ஆக கிராங்க்ல 55-க்கு மேல. உங்களுக்கு வர்றது அதுல பாதி. ஒரு பல் தப்புன்னு நான் நினைக்கல. அரைப் பல் தப்பு.

அரைப் பல் எப்படித் தப்பும்னு கேட்பீங்க. கியரை ஷாஃப்ட்ல ஊசி போட்டு நிறுத்தியிருப்பாங்க. கியரைக் கழட்டி அரைச் சுத்து திருப்பி மாட்டினாலும் ஊசி நுழையும். பல் எண்ணிக்கை இரட்டைப்படையா இருந்தா வித்தியாசமே தெரியாது. 13 ஒற்றைப்படை, அரைச் சுத்து திருப்பினா பல் இருந்த இடத்துல பள்ளம் வரும். அந்த அரைப் பல் டிஸ்ட்ரிபியூட்டர்ல 13.8 டிகிரி, கிராங்க்ல 27.7. உங்க ஸ்கேனர் காட்டுறது அதேதான்.

சரியான திசைக்கு அடையாளமா கியர்ல சின்னக் குழி ஒண்ணு அடிச்சிருப்பாங்க. புதுசு வாங்கின பெட்டியிலேயே கியர் தப்பா இருந்ததா, இல்ல பழைய கியரைப் பட்டறையில மாத்திப் போட்டாங்களான்னு கழட்டினாத்தான் தெரியும்.

இறக்கும் முறை: முதல் பிளக்கைக் கழட்டி, ஓட்டையில விரலை வெச்சுக் கிராங்கை பாரால் மெதுவா சுத்துங்க. காத்து விரலைத் தள்ளும்போது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். அந்த ஸ்ட்ரோக்கோட உச்சியில நிறுத்துங்க. இதைப் பார்க்காம வெறும் புல்லி மார்க்கை நம்பினா பாதி நேரம் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் உச்சியில நிப்பீங்க. டிஸ்ட்ரிபியூட்டர் பாடியில 8-னு ஒரு குறி இருக்கும், வி6-க்கு 6. முழுசா உட்கார்ந்த பிறகு ரோட்டர் அந்த 8-ஐப் பார்க்கணும். பல் சாய்வா வெட்டினது, அதனால இறங்கும்போது ரோட்டர் கொஞ்சம் சுத்தும். அதுக்கு இடம் விட்டுத்தான் இறக்கத் தொடங்கணும்.

கடைசி அரை அங்குலம் இறங்காம நிக்கும் பாருங்க, அப்போ கிளாம்ப் போல்ட்டை முறுக்கி அழுத்திடாதீங்க. கீழ ஆயில் பம்ப் தண்டு பொருந்தலைன்னு அர்த்தம். நீளமான திருப்புளியால தண்டைக் கொஞ்சம் திருப்பி விட்டுத் திரும்ப இறக்குங்க. அழுத்தி முறுக்கினா பாடி உடையும், இல்ல ஆயில் பம்ப் போகும்.

#7 மண்சாலை89

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். எனக்கும் டைமிங் பிரச்னைதான், ஆனா 1989 டிபிஐ, 5.7. இதுல பழுப்பு வயர் இருக்கு. கழட்டினேன், 0 டிகிரி வெச்சேன், மாட்டினேன். லைட்ல பார்த்தா அழகா 0. ஆனா வண்டிக்கு உயிரே இல்ல. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பயங்கரமா சூடாகுது. வேக்யூம் மீட்டர் 12-ல ஆடாம நிக்குது. புது கேப், ரோட்டர், பிளக், மாட்யூல் எல்லாம் போட்டாச்சு. வேற என்ன மாத்தலாம்?

#8 இழைக்காவலர்

தனி இழை தொடங்கச் சொல்லியிருப்பேன். ஆனா ரெண்டு பிரச்னைக்கும் வேர் ஒண்ணுதான்னு தோணுது, தொடருங்க. வண்டி ஆண்டும் இன்ஜினும் ஒவ்வொரு பதிவிலும் எழுதுங்க, பின்னாடி படிக்கிறவங்க குழம்பக்கூடாது.

#9 மீட்டர்கை

மண்சாலை89, எதையும் மாத்தாதீங்க. முதலில் உங்கள் வண்டியில் யார் டைமிங்கை ஆள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

டிபிஐ டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றுவதை உணரும் பிக்கப் காயில் ஒன்று, ஸ்பார்க்கை விடும் மாட்யூல் ஒன்று. கம்ப்யூட்டருக்கும் மாட்யூலுக்கும் நடுவில் நாலு வயர். இரண்டு, இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ரெஃபரன்ஸ் வயர்கள். மூன்றாவது வெள்ளை: ஸ்பார்க்கை இப்போது விடு என்று கம்ப்யூட்டர் சொல்லும் வயர், இஎஸ்டி. நான்காவதுதான் நீங்கள் கழட்டிய பழுப்பு, பைபாஸ். செல்ஃப் அடிக்கும்போது மாட்யூல் தானே ஸ்பார்க் விடும். இன்ஜின் பிடித்ததும் கம்ப்யூட்டர் பைபாஸ் வயரில் 5 வோல்ட் கொடுத்து "இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பொறுப்பை வாங்கிக்கொள்ளும். வயரைக் கழட்டினால் பொறுப்பு மாட்யூலிடமே நிற்கும், அதனால்தான் அடிப்படை டைமிங் தெரிகிறது.

ஆகவே சோதனை: பைபாஸ் மாட்டிய நிலையில் சூடான ஐட்லிங்கில் லைட் என்ன காட்டுகிறது? கழட்டியபோது காட்டிய 0-விலிருந்து நல்ல தூரம் முன்னே போயிருக்க வேண்டும், கொஞ்சம் அசைந்துகொண்டும் இருக்கும், ஏனென்றால் ஐட்லிங்கை நிலையாக வைக்கக் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கை ஓயாமல் திருத்தும். மாட்டினாலும் கழட்டினாலும் ஒரே இடம் என்றால் கம்ப்யூட்டர் ஆளவே இல்லை. வயர் அறுந்திருக்கலாம், எர்த் போயிருக்கலாம். பெரும்பாலும் கோடு 42 பதிந்திருக்கும். டயக்னாஸ்டிக் கனெக்டரில் ஏ, பி இரண்டையும் இணைத்து இக்னிஷன் போட்டால் செக் இன்ஜின் லைட் சிமிட்டிக் காட்டும். ஒரு எச்சரிக்கை: டைமிங் வைக்கப் பழுப்பு வயரைக் கழட்டியதாலேயே 42 பதியும். பேட்டரியைக் கழட்டி அழித்துவிட்டு, ஓட்டி, மறுபடி வருகிறதா என்று பாருங்கள்.

அந்தச் சோதனையில் தேறிவிட்டால் அடுத்த சந்தேகம் புல்லி. ஸ்கேனர் காட்டும் ஸ்பார்க் டிகிரி கம்ப்யூட்டரின் உத்தரவு மட்டும். நிஜத்தில் நடந்ததை லைட்தான் காட்டும், அதுவும் மார்க் பொய் சொல்லாதவரை. புல்லிக்குப் பின்னால் இருக்கும் பேலன்சர் இரண்டு துண்டு: நடுக் குமிழ், வெளி வளையம், இடையில் ரப்பர். மார்க் வெளி வளையத்தில் இருக்கிறது. ரப்பர் விட்டுவிட்டால் வளையம் நழுவும், மார்க்கும் கூடவே நழுவும். நீங்கள் 0 என்று வைத்தது உண்மையில் பிஸ்டன் உச்சியைத் தாண்டி இருக்கலாம். தாமதமான டைமிங்குக்கு நீங்கள் சொன்ன அறிகுறிகள்தான் வரும்: ஆடாத ஆனால் தாழ்ந்த வேக்யூம், சூடான மேனிஃபோல்டு, உயிரில்லாத இழுவை. கடல்மட்டத்தில் நல்ல இன்ஜின் 17 முதல் 21 அங்குலம் காட்டும்.

#10 பழையபட்டறை

மீட்டர்கை சொன்னது சரி. உச்சியைக் கண்டுபிடிக்கிற வழி சொல்றேன், கருவி விலை ஒண்ணும் இல்ல. பேட்டரி கழட்டு. முதல் பிளக் ஓட்டையில பிஸ்டன் ஸ்டாப்பர் முறுக்கு. கிராங்கைக் கையால மெதுவா சுத்து, பிஸ்டன் தட்டி நிக்கும், புல்லியில ஒரு கோடு போடு. எதிர்ப்பக்கம் சுத்து, மறுபடி தட்டி நிக்கும், இன்னொரு கோடு. ரெண்டுக்கும் நட்டநடு தான் உண்மையான உச்சி. செல்ஃப் மட்டும் அடிச்சுடாதே, பிஸ்டன் ஓட்டையாகும்.

கண்டுபிடிச்சதும் பேலன்சர்ல குமிழுக்கும் வளையத்துக்கும் சேர்த்து ஒரே நேர்க்கோடா பெயின்ட் இழு. சில வாரம் கழிச்சு கோடு உடைஞ்சிருந்தா, வளையம் இன்னும் நகருதுன்னு தெரிஞ்சுக்கலாம்.

#11 நீலப்பிக்கப்

இழைக்காவலர் அனுமதிச்சுட்டார்னா நானும் வந்துடறேன். 1990 ஃபோர்டு எஃப்-150, 5.0. குளிர்ல ஒரே தட்டுல ஸ்டார்ட். அரை மணி ஓட்டினதும் சொல்லாம கொள்ளாம ஆஃப். ஆறினதும் மறுபடி ஸ்டார்ட். மாட்யூல் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டுல இருக்கு. மாட்யூல்தான் போயிருக்கும், மாத்துன்னு எல்லாரும் சொல்றாங்க.

#12 மீட்டர்கை

சொல்பவர்கள் பாதி சரி. ஃபோர்டில் பெயர்கள் வேறு, ஏற்பாடு கிட்டத்தட்ட அதேதான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ஹால் சென்சார் தரும் சிக்னல் பிஐபி. பக்கவாட்டில் இருக்கும் மாட்யூல் டிஎஃப்ஐ. கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பும் ஸ்பார்க் உத்தரவு ஸ்பவுட். ஸ்பவுட் வயரில் ஒரு சின்னப் பிளக் இருக்கும். அதைப் பிடுங்கினால் பழுப்பு வயரைக் கழட்டியது போல. அடிப்படை டைமிங் உங்கள் இன்ஜினுக்கு 10 டிகிரி முன். ஆனாலும் பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்தான் கடைசி வார்த்தை.

சூட்டில் நிற்கும் வண்டியை ஆறவிட்டுச் சோதித்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். நின்ற அந்த நிமிடத்தில் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். ஸ்பார்க் வருகிறதா? இன்ஜெக்டருக்குத் துடிப்பு வருகிறதா? துடிப்பு வருகிறது, ஸ்பார்க் இல்லை என்றால் மாட்யூலும் காயிலும் குற்றவாளிகள். இரண்டும் இல்லை என்றால் பிஐபி. இன்ஜின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. ஆனால் பிஐபி அந்த மாட்யூல் வழியாகத்தான் கம்ப்யூட்டருக்குப் போகிறது, ஆகவே மாட்யூல் உள்ளே வெந்து பிஐபியையும் விழுங்கிவிடுவது உண்டு. கோடு 14 பதிந்திருந்தால் பிஐபி பக்கம் தேடுங்கள்.

ஸ்பவுட் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். இழுவை குறையும், அது இயல்பு. அப்போதும் அரை மணியில் நிற்கிறது என்றால் ஸ்பவுட் வயர் மேல் பழி போட முடியாது.

இன்னொரு சோதனையும் உண்டு. ஓடும் நிலையில் சுயசோதனை நடத்தினால், கோடுகள் முடிந்தபின் இரண்டு நிமிடம் கம்ப்யூட்டர் டைமிங்கை அடிப்படையைவிட 20 டிகிரி முன்னே பிடித்து வைக்கும். ஸ்பவுட் மாட்டியிருக்க வேண்டும். 10 வைத்திருந்தால் லைட் 30 காட்டணும். காட்டவில்லை என்றால் கம்ப்யூட்டர் சொல்வது மாட்யூலுக்குப் போய்ச் சேரவில்லை.

மாட்யூல் மாற்றினால் அடியில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் தடவாமல் மாட்டாதீர்கள். அந்தப் பேஸ்ட் வழியாகத்தான் சூடு டிஸ்ட்ரிபியூட்டர் பாடிக்கு இறங்குகிறது. செவ்ரோலெட் மாட்யூலுக்கும் இதே விதி. காய்ந்துபோன பேஸ்ட்டால் செத்த மாட்யூல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பழி மட்டும் எப்போதும் மாட்யூல் மேல்.

#13 மண்சாலை89

1989 டிபிஐ. பழையபட்டறை ஐயா சொன்னபடி ஸ்டாப்பர் போட்டுப் பார்த்தேன். உண்மையான உச்சிக்கும் மார்க்குக்கும் நடுவுல 9 டிகிரி கிட்ட வித்தியாசம்! 0-ன்னு நான் வெச்சதெல்லாம் உச்சியைத் தாண்டி 9. ரப்பர் வெளியே பிதுங்கி நிக்குது. புது பேலன்சர் மாட்டி டைமிங் வெச்சாச்சு, வேக்யூம் 18. வண்டி அதே வண்டியான்னு இருக்கு. நன்றி ஐயா, நன்றி மீட்டர்கை.

#14 தூசிச்சாலை

1997 வோர்டெக். கழட்டினேன். எட்டுசிலிண்டர் அண்ணே சொன்னது அப்படியே: கியர்ல குழி எதிர்ப்பக்கம். ஊசியைத் தட்டி எடுத்து அரைச் சுத்து திருப்பி மாட்டினேன். ஆயில் பம்ப் தண்டு முதல்ல ஏமாத்திச்சு, திருப்புளியால திருப்பினதும் 'டக்'னு இறங்கிடுச்சு. ரோட்டர் 8-க்கு நேரா.

இப்போ பேக்ஃபயர் இல்ல, இழுவை வந்துடுச்சு. ஆனா கேம் ரிடார்டு 5, 6-ல நிக்குது, சில நேரம் 3-க்கும் போகுது. ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. அறுத்த கிளாம்ப்தானே, கொஞ்சம் திருப்பி 0-க்குக் கொண்டுவந்துடலாமா?

#15 பானட்திற

திருப்பிடு. 2-க்குள்ள வந்தா கம்ப்யூட்டர் வாயை மூடிக்கும்.

#16 பழையபட்டறை

திருப்பாதே. முதல் நாளே செயின்னு சொன்னேன்.

#17 எட்டுசிலிண்டர்

ஐயா சொல்றதை நான் முழுசா ஆமோதிக்கிறேன். தூசிச்சாலை, அளவு நிக்காம அலையுது பாருங்க, அதுதான் முக்கியம். டிஸ்ட்ரிபியூட்டர் தப்பா இறங்கினா அளவு தப்பா இருக்கும், ஆனா நிலையா இருக்கும். உங்களுக்கு முதல்ல 27, 28-னு நின்ன மாதிரி. அலையுதுன்னா கிராங்குக்கும் கேமுக்கும் நடுவுல ஏதோ தொய்வு: செயின், இல்ல டிஸ்ட்ரிபியூட்டர் கியரும் புஷ்ஷும். உங்களுது புது டிஸ்ட்ரிபியூட்டர், ஷாஃப்டை ஆட்டிப் பார்த்து ஆட்டம் இல்லைன்னா மிச்சம் செயின்தான்.

திருப்பி 0-க்குக் கொண்டுவரலாம், பி1345 போயிடும், ரோட்டரும் நேராகும். ஆனா கேம் தாமதமாத்தான் சுத்தும், வால்வுகள் தாமதமாத்தான் திறந்து மூடும். ஸ்பார்க் கிராங்கைப் பார்த்துச் சரியா விழும், வால்வு மட்டும் பின்தங்கும். கீழ் ஆர்பிஎம் இழுவை கொஞ்சம் கொஞ்சமா கரையும், உங்களுக்கு உறைக்கவே உறைக்காது. எச்சரிக்கை மணியைத் துணி சுத்தி வைக்கிற வேலை அது.

#18 மீட்டர்கை

செயினைத் திறக்காமலே அளக்கலாம். கேப்பைக் கழட்டுங்கள், ஒருவர் ரோட்டரைப் பார்க்கட்டும். கிராங்கை ஒரு பக்கம் சுற்றி ரோட்டர் நகரும் இடத்தில் நிறுத்திப் புல்லியில் குறி போடுங்கள். எதிர்ப்பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள், ரோட்டர் அசையத் தொடங்கும் கணத்தில் இன்னொரு குறி. இரண்டுக்கும் இடையே கிராங்க் சும்மா சுற்றிய தூரம்தான் தொய்வு. டிகிரி அளவு இல்லாத புல்லி என்றால் சுற்றளவை 360-ஆல் வகுங்கள், 170 மி.மீ. விட்டம் என்றால் ஒரு டிகிரி ஏறக்குறைய 1.5 மி.மீ. டிஸ்ட்ரிபியூட்டர் கியரின் தொய்வும் இதில் கலந்திருக்கும், அதை மனதில் வையுங்கள். என் கணக்கில் 8 டிகிரிக்கு மேல் போனால் கவரைத் திறந்துவிடுவேன்.

#19 டீசல்வேண்டாம்

கேட்க வந்தேன், 1996 டாட்ஜ், 5.9 மேக்னம். இதுக்கும் வோர்டெக் மாதிரிதானா? நண்பர் ஒருத்தரோட பழைய டொயோட்டா 22ஆர்-இ-யும் இருக்கு.

#20 எட்டுசிலிண்டர்

மேக்னம் அப்படியேதான். கிராங்க் சென்சார் பின்னாடி பெல்ஹவுசிங் பக்கம், ஸ்பார்க் டைமிங் திருப்பி வைக்கிற விஷயமே இல்ல. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினா மாறுறது ரோட்டரும் இன்ஜெக்டர் ஒத்திசைவும். அதையும் ஸ்கேனர் பார்த்துத்தான் வைக்கணும்.

22ஆர்-இ வேற ஜாதி. அதுல திருப்பினா டைமிங் மாறும். செக் கனெக்டர்ல டி-யையும் இ1-ஐயும் வயர் போட்டு இணைச்சா கம்ப்யூட்டர் அட்வான்ஸ் பண்றதை நிறுத்திடும், அப்போ 5 டிகிரி முன். வயரை எடுத்ததும் டைமிங் முன்னே ஓடணும். ஓடலைன்னா இணைப்பு சரியில்ல, இல்ல ஐட்லிங் சுவிட்ச் வேலை செய்யல.

எந்த வண்டியா இருந்தாலும் திருப்புளி எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி: இதுல கம்ப்யூட்டர் கிராங்கோட நிலையை எங்கிருந்து தெரிஞ்சுக்குது? டிஸ்ட்ரிபியூட்டர்ல இருந்துன்னா திருப்பலாம், பைபாஸ் பண்ணிட்டு. தனி கிராங்க் சென்சார்ல இருந்துன்னா கையைக் கட்டிக்கிட்டு ஸ்கேனரைப் பாருங்க.

#21 தூசிச்சாலை

1997 வோர்டெக். ஷாஃப்ட்ல ஆட்டம் இல்ல. தொய்வு அளந்தேன், 12 டிகிரிக்கு மேல போகுது. கவரைத் திறந்தா செயினை விரலால தூக்கினா தூக்கின பக்கம் வருது. செயின், ரெண்டு பல்சக்கரம், கவர் சீல் எல்லாம் புதுசு. பிளாஸ்டிக் கவரைத் திரும்ப மாட்டினா ஆயில் கசியும்னு படிச்சேன், அதனால கவரும் புதுசு. கிளாம்பும் அறுக்காதது வாங்கி மாட்டிட்டேன், டிஸ்ட்ரிபியூட்டர் தன் இடத்துல தானா உட்கார்ந்துச்சு. கரிக்கோடு விழுந்த கேப்பையும் மாத்தியாச்சு.

கேம் ரிடார்டு இப்போ 1. ஐட்லிங்ல இருந்து 3,000 வரைக்கும் அசையல. பி1345 திரும்ப வரல. பி0300-ம் இல்ல.

#22 எட்டுசிலிண்டர்

நல்லது தம்பி. கிராங்க் சென்சாரையோ பேலன்சரையோ கழட்டியிருந்தா ஸ்கேனர்ல கிராங்க் ரீலேர்ன், அதாவது கிராங்க் சிக்னலைக் கம்ப்யூட்டருக்குப் புதுசா பழக்குற வேலை, ஒரு தடவை ஓட்டிடுங்க. இல்லைன்னா இல்லாத மிஸ்ஸிங்கைக் கம்ப்யூட்டர் எண்ணிக்கிட்டு இருக்கும்.

#23 நீலப்பிக்கப்

1990 எஃப்-150. நின்ன உடனே பானட்டைத் திறந்து பார்த்தேன். ஸ்பார்க்கும் இல்ல, இன்ஜெக்டர் துடிப்பும் இல்ல. ஸ்பவுட் பிடுங்கி ஓட்டினாலும் அதே கதை. கோடு 14 பதிஞ்சிருக்கு. மாட்யூல் மாத்தச் சொன்னவங்க கிட்ட இதைக் காட்டினேன், பதில் இல்ல. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழட்டப் போறேன். பிஐபி மாத்தக் கியரை அழுத்தி எடுக்கணும், அதுக்குப் பிரஸ் வேணுமாமே, உண்மையா?

#24 பழையபட்டறை

வேணும். சுத்தியலால தட்டாதே, ஷாஃப்ட் வளையும். கழட்டுறதுக்கு முன்னாடி ரோட்டர் எங்கே பார்த்து நிக்குதுன்னு பாடியில குறி போட்டு வை. பிஐபி மாத்துற செலவும் நேரமும் பார்த்தா, ஷாஃப்ட் ஆட்டம் இருந்தா முழு டிஸ்ட்ரிபியூட்டரா போட்டுடு.